விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்: தமிழ் உள்ளீட்டு முறைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

எழுத்து என்பது யாது, அவை எத்தனை, அவற்றின் முறைவைப்பு எத்தகையது என்னும் வினாக்களுக்குத் தமிழ் இலக்கண நூல்கள் தெளிவான விடைகளை வகுத்துள்ளன. தொல்காப்பியம் உயிர் 12, மெய் 18 என முதலெழுத்துகளை 30 ஆகக் கொண்டு, சார்பெழுத்து மூன்று என்றது. நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தது. இதே வினாக்களுக்கு இன்று ஒவ்வொரு கணினியிலும் இன்னொரு விடை அமைந்துள்ளது. கணினியில் அமைக்கப்படும் தமிழ் விசைப்பலகையே அவ்விடை. எவ்வெழுத்துக்குத் தனி விசை தருவது, எதனை இரு விசைகளின் கூட்டாகக் கொள்வது, எதனை ஒதுக்கிடத்தில் வைப்பது என்பனவெல்லாம் எழுத்தைப் பற்றிய முடிவுகளே. எனவே விசைப்பலகையை வெறுங்கருவியாக மட்டும் கொள்ளாமல், எழுத்திலக்கணம் பற்றிய ஒரு நூலாகக் கொண்டு படிக்க இயலும். தமிழில் வழங்கும் நான்கு உள்ளீட்டு முறைகளை அவ்வாறு படித்து, அவற்றின் கொள்கையையும் குறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். தமிழகத்திற்கு வெளியே இக்கட்டுரையாளர் பணியாற்றும் துறையில் முதுகலை மாணவர்க்கெனக் கணினிகள் நிறுவப்பட்டன. நிறுவ வந்தவர், பட்டியலில் 'தமிழ்' என்று முதலில் தென்பட்ட விசைப்பலகையைச் சேர்த்துவிட்டுச் சென்றார். சில வாரங்களுக்குப்பின் மாணவர் ஒருவர் அளித்த கட்டுரையில் 'தமிழ்' என்னும் சொல்லின் ழகரம் மட்டும் அளவிலும் வடிவிலும் வேறுபட்டிருந்தது. வினவியபோது, "இந்தக் கணினியில் ழ இல்லை ஐயா, வேறு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன்" என்றார். ழகரம் இல்லாமல் இல்லை. ஷிப்ட் விசைக்குள் இருந்தது. தமிழ்த்துறையின் கணினியில் தமிழின் தனி எழுத்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருப்பதேன் என்னும் வினா அன்று எழுந்தது.

விசை, குறியீடு, உரு

முறைகளை மதிப்பிடுமுன், தமிழ்த்துறைகளில் இன்றும் நிலவும் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். 'பாமினியில் அடிக்கிறேன்' என்பார் ஒருவர். 'நான் யூனிகோடில் அடிக்கிறேன்' என்பார் மற்றொருவர். முன்னது எழுத்துருவின் பெயர். பின்னது குறியாக்கத்தின் பெயர். இரண்டுமே விசைப்பலகையின் பெயர்கள் அல்ல.

இம்மயக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டன. விசையை அழுத்தினால் கணினி ஆங்கில எழுத்தையே சேமித்தது. திரையில் மட்டும் தமிழ் தோன்றியது. ஆதலின் விசை, குறியீடு, உரு ஆகிய மூன்றும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சின. அம்முறையில் உருவாக்கிய ஆய்வேட்டைப் பி.டி.எஃப். கோப்பாக வைத்திருந்தால் கண்ணால் படிக்கலாம். ஆனால் அதனுள் ஒரு தமிழ்ச்சொல்லைத் தட்டித் தேட இயலாது.

யூனிகோடு இப்பிணைப்பை அறுத்தது. தமிழ்நாட்டரசும் 2010ஆம் ஆண்டு ஆணையின்வழி யூனிகோடையும், அதற்கு இயலாத இடங்களில் பயன்படுத்தத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. இதன் பயனாக, எந்த விசைப்பலகையைக் கொண்டு தட்டினாலும் சேமிக்கப்படும் குறியீடு ஒன்றே என்னும் நிலை உருவாயிற்று. தட்டச்சுப்பொறியில் பழகியவர் பழைய விரல் பழக்கத்தை விடாமலே யூனிகோடில் எழுதலாம். விசைப்பலகை இன்று கட்டாயமன்று, தெரிவு. தெரிவு என்றான பின்னரே அது திறனாய்வுக்கும் உரியதாகிறது.

தட்டச்சுப்பொறி: கையின் வரிசை

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 247 எழுத்துகளை ஐம்பதுக்குக் குறைவான விசைகளுள் அடக்குவது எளிய செயலன்று. அதற்கு அவர் கைக்கொண்ட உத்திகளுள் முதன்மையானது நகரா விசை. புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் மெய் அப்புள்ளியின் கீழே வந்து அமையும். இதனால் புள்ளி முன்னும் மெய்வடிவம் பின்னுமாக அடிக்கப்பட்டன. 'கொ' என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள் வேண்டும்.

இம்முறையின் கொள்கை வரிவடிவக் கொள்கையாகும். ஒகரம் என்னும் உயிரை இது அறியாது. இடப்புறக் கொம்பையும் வலப்புறக் காலையும் மட்டுமே அறியும். கை எழுதும் வரிசையைப் பின்பற்றுவதால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு இது இயல்பாக அமைந்தது. 1978இல் அரசாணை பெற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கியபோது, இம்முறைக்கு வேண்டிய சிறப்பு வடிவங்களும் குறைந்தன.

ஆயினும் வரிவடிவத்தை மட்டும் நம்புவதன் விளைவு கணினியில் வெளிப்பட்டது. ஔகாரத்தின் வலப்புறச் சிறகும் ளகரமும் வடிவால் ஒத்தவை. தட்டச்சுப்பொறியில் இரண்டையும் ஒரே விசையால் அடித்தாலும் தாளில் வேறுபாடு இல்லை. கணினியிலோ 'ஔவையார்' என்பது வேறு; ஒகரமும் ளகரமும் சேர்ந்த 'ஒளவையார்' என்பது வேறு. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சொல்லடைவு தொகுக்கும்போது முன்னது ஓகாரத்தின் பின்னும், பின்னது ஒகரத்தின் கீழும் சென்று அமையும். 'கௌதமன்', 'கெளதமன்' என்பனவும் இவ்வாறே. சொல்லடைவையும் தேடலையும் நம்பி முடிவு கூறும் ஆய்வாளர்க்கு இது அச்சுப்பிழை மட்டும் அன்று, சான்றுப் பிழை.

இன்ஸ்கிரிப்ட்: அனைத்திந்திய அட்டவணை

இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்னும் கொள்கையில் எழுந்தது இன்ஸ்கிரிப்ட். 1991இல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட இஸ்கி தர ஆவணத்தில் இவ்வமைப்பு இடம்பெற்றது. இடப்பக்கம் உயிர்கள், வலப்பக்கம் மெய்கள் என்னும் பாகுபாடு சிறந்ததே. தேவநாகரியில் ககரம் இருக்குமிடத்திலேயே மலையாளத்திலும் தமிழிலும் ககரம் இருக்கும். பன்மொழி பயிலும் ஒப்பிலக்கிய மாணவர்க்கு இது மறுக்க இயலாத நன்மை.

எனினும் இவ்வட்டவணை தேவநாகரியை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. தமிழ் அதனுள் ஓர் உட்பிரிவாக வைக்கப்பட்டது. விளைவை எண்ணிப் பார்ப்பது பயனுடைத்து. தமிழ் மெய்கள் 18இல் க, ச, ட, த, ப, ந, ம, ய, ர, ல, வ என்னும் 11 மட்டுமே நேர்விசை பெற்றுள்ளன. ங, ஞ, ண, ழ, ள, ற, ன என்னும் 7க்கும் ஷிப்ட் விசை வேண்டும். அதே வேளையில் ஜ, ஸ, ஹ என்னும் கிரந்த எழுத்துகள் மூன்றும் நேர்விசையில் அமைந்துள்ளன. தமிழுக்கு இல்லாத வர்க்க எழுத்துகளின் விசைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. எகர ஒகரக் குறில்கள் இந்தியில் தனி எழுத்தாக இன்மையின், அவை விசைப்பலகையின் ஓரங்களில் ஒதுக்கப்பட்டுள்ளன.

னகரத்தின் நிலை சிறப்பாக நோக்கத்தக்கது. அது நகரத்தின் விசையிலேயே ஷிப்ட் நிலையில் உள்ளது. திராவிட மொழி ஒலிகளை எழுத வேண்டித் தேவநாகரியில் நகரத்தின் கீழ்ப் புள்ளியிட்டு னகரம் ஆக்கப்பட்டது. றகரமும் ழகரமும் அவ்வாறே பெறப்பட்டன. அப்புள்ளியிட்ட எழுத்துகளின் இடமே தமிழுக்கும் உரியதாயிற்று. அதாவது, பிறமொழி எழுத்தில் தமிழைப் பெயர்த்தெழுதச் செய்த ஏற்பாடு, தமிழைத் தமிழிலேயே எழுதுவதற்கும் விதியாயிற்று. தமிழ்ச் சொற்களின் ஈற்றில் பெருவழக்காகப் பயிலும் னகரத்திற்கு ஒவ்வொரு முறையும் இரு விசைகளை அழுத்த வேண்டியுள்ளது. மேலே குறித்த மாணவர்க்கு ழகரம் அகப்படாமைக்குக் காரணம் அவர் அறியாமை மட்டும் அன்று.

ரோமன் வழி: ஒலியின் இடைத்தரகர்

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறை, முரசு அஞ்சல், அழகி, இ-கலப்பை முதலிய மென்பொருள்களின்வழிப் பரவியது. புலம்பெயர்ந்தோரையும் தமிழைப் பள்ளியில் பயிலாதோரையும் தமிழில் எழுத வைத்த பெருமை இம்முறைக்கு உண்டு. தமிழகத்திற்கு வெளியே வளர்ந்த எம் மாணவர் பலர் இவ்வழியாகவே தமிழ் எழுத்துக்கு வந்தனர். இதனை இகழ்தல் நேர்மையன்று.

ஆயினும் இதன் கொள்கை இடர்ப்பாடுடையது. தமிழில் ந, ன, ண என மூன்றும், ல, ள, ழ என மூன்றும், ர, ற என இரண்டும் உள்ளன. ரோமன் எழுத்தில் அவற்றுக்குத் தனி எழுத்துகள் போதா. எனவே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டால் ஈடு செய்யப்படுகிறது. அஞ்சல் முறை இங்கு ஒரு விதியையும் கைக்கொள்கிறது. சொல் முதலில் வருவது நகரம், பிற இடத்தில் வருவது னகரம் என்பதே அது. னகரம் மொழிக்கு முதலில் வாராது. நகர மெய் மொழிக்கு ஈறாதல் இரு சொற்களிலேயே உண்டு என்பது தொல்காப்பிய மரபு. ஆதலின் விதி அடிப்படையற்றதன்று.

விதி தவறும் இடம் தொகைச்சொல். 'திருநாள்', 'பெருநகரம்', 'திருநெல்வேலி' என்பவற்றில் நகரம் வருமொழியின் முதலெழுத்து. விசைப்பலகையோ இடைவெளி இன்மையால் அதனைச் சொல்லிடை எழுத்தெனக் கொள்கிறது. நகரத்திற்கெனத் தனி விசையை நினைவில் கொள்ளாதவர் 'திருனாள்' என்றும் 'திருனெல்வேலி' என்றும் எழுதிவிடுகின்றனர். மாணவர் கட்டுரைகளில் இப்பிழையைக் கண்டு, அவர்க்குச் சொல்லறிவு இல்லையென முடிவு செய்வது பொருந்தாது. அப்பிழையைச் செய்தது எழுத்துக்கும் சொல்லெல்லைக்கும் உள்ள உறவை அறியாத கருவி. ஆயின் பிழையைக் காணாது விட்டவர் மாணவரே. நாளும் அக்கருவியோடு பழகுபவர்க்குப் பிழை வடிவமே இயல்பு வடிவமாகிவிடும் என்பதே அஞ்சத்தக்கது.

தமிழ் 99: மெய்ம்மயக்கம் அறிந்த பலகை

1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட்-99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற விசைப்பலகையே தமிழ் 99. இதில் உயிர் 12, மெய் 18, புள்ளி 1 ஆக 31 குறிகளும் ஷிப்ட் இன்றி நேர்விசை பெற்றுள்ளன. கிரந்த எழுத்துகள் ஷிப்ட் நிலைக்குச் சென்றுள்ளன. இன்ஸ்கிரிப்ட் செய்த ஒதுக்கீடு இங்குத் தலைகீழாயிற்று. அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையிலும், அவற்றின் நெடில்கள் அவற்றிற்கு நேர்மேலே மேல்வரிசையிலும் அமைந்தமை இனமுறை அறிந்த அமைப்பாகும்.

உயிருக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி விசைகள் இல்லாமை இதன் அடுத்த சிறப்பு. ககர விசையின் பின் ஆகார விசையை அழுத்தினால் 'கா' தோன்றும். கால், கொம்பு, சுழி என்னும் வடிவங்களை எழுதுவோர் நினைக்க வேண்டியதில்லை. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆதல் என்னும் இலக்கணமே விரலின் வழக்கமாகிறது.

இவற்றினும் மேலானது தானே புள்ளியிடும் விதி. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலது புள்ளி பெறும்: க்க, ட்ட, ம்ம. மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இலக்கண நூலார் உடனிலை மெய்ம்மயக்கம் என்றும் இனவெழுத்து என்றும் கூறியவை இங்குக் கருவியின் விதிகளாக அமைந்துள்ளன. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகர விசையை அழுத்த வேண்டும். 'மமதை', 'ககனம்' போன்ற சொற்களில் இது தேவைப்படும். அகரம் இல்லாதபோது மெய், அகரம் கூடியபோது உயிர்மெய் என்னும் கொள்கையும் இதனால் நிலைநாட்டப்படுகிறது.

தமிழ் 99இன் எல்லைகள்

இச்சிறப்புகளைக் கண்டு, தமிழ் 99 இலக்கணத்தையே கற்பித்துவிடும் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. முதலாவதாக, இப்பலகை அறிந்தது ஒருமொழிக்குள் நிகழும் மயக்கத்தையே, புணர்ச்சியை அன்று. 'தமிழ்ப் பாடம்' என்பதன் பகர ஒற்றை எழுதுபவரே அறிந்து இட வேண்டும். இடைவெளி விசையைக் கடந்து இதன் இலக்கணம் செல்லாது. ரோமன் வழி தொகைச்சொல்லில் தவறுவதும் தமிழ் 99 ஒற்று மிகும் இடத்தில் வாளாவிருப்பதும் ஒரே காரணத்தாலேயே ஆகும். இரண்டும் எழுத்தை அறிந்தவை, சொல்லை அறியாதவை.

இரண்டாவது எல்லை சுவடிப் பதிப்பில் புலனாகிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. சுவடியில் உள்ளவாறே பெயர்த்தெழுதுவது பதிப்புப் பணியின் முதற்படி. 'கட்டம்' என்னும் சொல் சுவடியில் 'கடடம' என நிற்பதாகக் கொள்வோம். அதனைத் தமிழ் 99இல் உள்ளவாறே தட்டினால் திரையில் 'கட்டம' எனத் தோன்றும். டகரம் புள்ளி பெற்றுவிட்டது. ஈற்று மகரம் பெறவில்லை. 'மனறம' என்பதும் இவ்வாறே 'மன்றம' ஆகும். இவ்வடிவம் சுவடியின் பாடமும் அன்று, பதிப்பாசிரியர் கொண்ட பாடமும் அன்று. கருவி படைத்த மூன்றாம் பாடம். புள்ளியிட்டும் இடாமலும் ஒரு சொல்லை இருவகையாகப் படிக்க இடமுள்ள தொடரில், தெரிவு பதிப்பாசிரியரின் கைக்கு வருமுன்னரே செய்யப்பட்டுவிடுகிறது. அகர விசையை ஒவ்வோரிடத்தும் இடையிட்டுத் தட்டினால் இதனைத் தவிர்க்கலாம். ஆனால் தவிர்க்க வேண்டும் என்னும் விழிப்பு முதலில் வேண்டும். இவ்வொரு பணிக்கு, தானாக எதையும் சேர்க்காத இன்ஸ்கிரிப்டே நம்பத்தக்கது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழை நன்கறிந்த கருவியே தமிழைத் திருத்தியும் விடுகிறது என்பது இதனால் பெறப்படும்.

துறைகள் செய்யத்தக்கன

இன்றைய விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் 99, அஞ்சல், இன்ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் உள்ளுறையாகவே கிடைக்கின்றன. மொழி அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன்கீழ் விசைப்பலகையைத் தனியே தெரிவு செய்ய வேண்டும். மொழியைச் சேர்ப்பதோடு நின்றுவிட்டால் தெரிவு நம்முடையதாகாது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். விசைக்கு ஒரு குறி என்னும் அளவில் இயங்கும் எளிய வரைவில் தானே புள்ளியிடும் விதிகள் இயங்கா. முன் தட்டிய எழுத்தை நினைவிற் கொள்ளும் ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகத்தின்வழித் தமிழ் 99ஐ நிறுவுதல் வேண்டும்.

நாள்தோறும் தமிழில் எழுதும் மாணவர்க்குத் தமிழ் 99ஐ முதற்பலகையாக அமைத்து, எழுத்திலக்கணப் பாடத்தோடு இணைத்துப் பயிற்றுதல் தக்கது. மெய்ம்மயக்கம் கற்பிக்கும் வகுப்பில் விசைப்பலகையே செய்முறைக் கருவியாகும். தட்டச்சில் தேர்ந்தவர்களைப் பலகை மாறுமாறு வற்புறுத்துதல் வேண்டா. யூனிகோடு வெளியீடும் ஔகாரத்திற்குரிய சரியான விசையும் உறுதி செய்யப்பட்டால் போதும். ரோமன் வழியில் எழுதுவோர்க்கு நகர னகர வேறுபாட்டைத் தனியே உணர்த்த வேண்டும். சுவடிப் பெயர்த்தெழுத்துக்கு எம்முறை பயன்படுத்தப்பட்டது என்பதைப் பதிப்பு முன்னுரையில் குறிக்கும் வழக்கமும் உருவாதல் நன்று.

முடிவுரை

தட்டச்சுப்பொறி எழுத்தை வடிவமாகக் கண்டது. இன்ஸ்கிரிப்ட் அனைத்திந்திய அட்டவணையின் ஒரு கட்டமாகக் கண்டது. ரோமன் வழி பிறமொழி எழுத்தால் சுட்டத்தக்க ஒலியாகக் கண்டது. தமிழ் 99 ஒன்றே உயிரும் மெய்யும் கூடி இயங்கும் முறைமையாகக் கண்டது. ஆதலின் தமிழ் எழுத்திலக்கணத்தோடு பெரிதும் பொருந்துவது அதுவே என்பது இக்கட்டுரையின் முடிபு. எனினும் எழுத்ததிகாரத்தின் நூன்மரபையும் மொழிமரபையும் ஒருவாறு உட்கொண்ட அப்பலகை, புணரியலின் வாயிலில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் உள்ளது எழுதுபவரின் பொறுப்பு. கணினியை நிறுவ வருபவரிடம் எவ்விசைப்பலகை வேண்டும் எனக் கூறும் பொறுப்பு தமிழாசிரியர்களுக்கு உரியது. நாம் கூறாவிடின் பட்டியலில் முதலில் இருப்பதே நம் மாணவரின் முதல் இலக்கண நூலாகும். 'இந்தக் கணினியில் ழ இல்லை' என்னும் சொல்லையும் நாம் மீண்டும் கேட்க நேரும்.